புண் ஆறிய பிறகும்

லாரிக்காரர் வளர்த்தது ஏழே ஏழு கோழிக்குஞ்சுகள். கொல்லையில் அவை போடும் கூச்சலைக் கேட்டால் ஏழாயிரம் பேர் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இரண்டு மாத வயது. இறகு முழுசாக முளைக்கவில்லை, அதற்குள் அதிகாரம் முளைத்துவிட்டது. பெரியவள் ரவுடி. சிறியவள் பொடிசு. தீவனத் தட்டுப் பக்கம் பொடிசு தலையை நீட்டினால் போதும், ரவுடி வாலடியில் ஒரு கொத்து வைப்பாள். மற்ற ஐந்தும் வரிசையில் நின்று ஆளுக்கொன்று வைக்கும்.

ஒருநாள் வாலடியில் ரத்தம். பதறிப்போன லாரிக்காரர், பழைய முதலுதவிப் பெட்டியிலிருந்த சிவப்பு மருந்தைப் பாதி பாட்டில் காலியாகும்வரை பூசி, திரும்ப உள்ளே விட்டார். அவ்வளவுதான், ஆறும் அந்தச் சிவப்பின்மேல் பாய்ந்துவிட்டன.

விஷயத்தைக் கேட்ட தீவனக்கடை அம்மாள் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிவப்பைக் கண்டா கொத்தாம விடாதுண்ணே. நீங்க விருந்துக்குப் பத்திரிகை வெச்சிருக்கீங்க! ஊதா மருந்து போடுங்க. தனியா வைங்க. ஆனா நடுவுல வலை கட்டி, மத்ததுங்க கண்ணுல படுற மாதிரி வைங்க. கண்ணுல படலைன்னா மறந்துடும். அப்புறம் யாரோ எவளோன்னு அடிச்சுத் தொரத்தும்."

லாரிக்காரர் ஊதா மருந்து வாங்கினார். வலை வாங்கவில்லை. பொடிசை அட்டைப்பெட்டியில் போட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய்விட்டார்.

மனைவி இறந்துபோன இந்த இரண்டு வருஷமாக அந்தச் சமையலறையில் குக்கர் விசில்தான் பெரிய உரையாடல். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்வான். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சுப்பா." ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அது முடிந்துவிடும். இப்போது பொடிசு அவர் தட்டிலேயே சோறு பொறுக்கியது. அவரும் முப்பது வருஷ ரோட்டுக் கதைகளை அவிழ்த்துவிட்டார். நேற்று மூன்று டயர் வெடித்த கதையில் இன்று ஏழு வெடித்தன. அந்த லாரிக்கு இருந்ததே ஆறுதான். பொடிசு தலையைச் சாய்த்துக் கேட்டதே தவிர, கணக்குக் கேட்கவில்லை.

பத்தே நாளில் புண் ஆறிவிட்டது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கடையில் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கும்மா" என்றார்.

ஐந்தாவது வாரம் தீவன மூட்டையோடு அவளே வந்துவிட்டாள். பொடிசைத் தூக்கி வாலடியை ஊதிப் பார்த்தாள்.

"புண்ணு ஆறி இறகும் முளைச்சாச்சு. இன்னும் யாருக்குண்ணே வைத்தியம்?"

லாரிக்காரர் எழுந்துபோய்க் குழாயை இறுக்கினார். அது ஒழுகவேயில்லை.

அன்று சாயங்காலமே பொடிசைக் கொல்லையில் விட்டார். ஆறும் ஒரு கணம் உற்றுப் பார்த்தன. பிறகு மொத்தமாகப் பாய்ந்தன. பொடிசு சுவர் மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. அவர் கை நீட்டித் தூக்குவதற்குள் பழைய இடத்திலேயே ரத்தம்.

"என் தப்புடி," என்றார். அன்று கதை சொல்லவில்லை.

மறுநாள் வலை வாங்கினார். வலைக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஊதா வாலோடு ஒன்று. புண் ஆறும்வரை அப்படியே விட்டார்.

"வலையை எடுக்கறப்போ ரவுடியை மூணு நாள் வெளியே தூக்கிடுங்க," என்றாள் கடை அம்மாள். "திரும்பி வர்றப்போ அவதான் புதுசு. கொம்பு ஒடிஞ்சிருக்கும்."

அப்படியே செய்தார். முதல் நாள் இரண்டு கொத்து, அடுத்த நாள் ஒன்று. மூன்றாம் நாள் பொடிசு மற்ற ஐந்துக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. லாரிக்காரர் கொல்லை வாசலில் நின்று கூப்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை சமையலறை அட்டைப்பெட்டியிலிருந்து ரவுடியைத் தூக்கினார். இறக்கையை விரித்துப் பார்த்தார். வாலடியை ஊதிப் பார்த்தார். கால் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கீறலாவது இருக்கவேண்டுமே! கொசு கடித்த தடம்கூட இல்லை.

"கல்லு மாதிரி இருக்கியேடி," என்று குறைப்பட்டுக்கொண்டே கொல்லைக்குத் தூக்கிப் போனார்.

முந்தின ராத்திரி அவளிடம் ஆரம்பித்த கதையில் ஐந்தாவது டயர்தான் வெடித்திருந்தது.