மேலண்ணத்துக்கு ஒரு சாவி

1

என் கடைவாய்ப் பல் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கதை பிறந்திருக்காது. வீங்கிய கன்னத்தோடு பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது, சரியாகச் சாத்தாத கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று குரல்கள் கேட்டன. ஒரு மருத்துவர், ஒரு அப்பா, ஒரு சிறுமி. ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் பல்வலிக்காரனுக்குக் காதைத் தவிர வேறெதுவும் வேலை செய்வதில்லை.

காதில் விழுந்தது இவ்வளவுதான். எட்டு வயதுப் பெண்ணுக்கு மேல்தாடை குறுகல். அதை விரிக்க அண்ணத்தில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். அதன் நடுவில் சின்னத் திருகு. தீக்குச்சி அளவுள்ள ஒரு சாவியால் தினமும் ஒருமுறை அப்பா அதைத் திருப்ப வேண்டும். பதினான்கு நாள் திருப்பினார். தாடை இம்மியளவும் விரியவில்லை.

மற்றதில் பெரும்பாலும் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தச் சிறுமியின் புன்னகை முழுநிலவைப் போல…"

(அடித்துவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள். நிலவுக்கு இங்கே வேலையில்லை.)

இரண்டாம் முயற்சி: "எலும்பு என்பது நாம் நினைப்பதுபோல் ஒரே…"

(கட்டுரை வாடை. ஆனாலும் விஷயம் தேவைப்படுகிறது. குழந்தைகளின் மேல்தாடை இடம், வலம் என்று இரண்டு பாதி. நடுக்கோடு இன்னும் இறுகியிருக்காது. எட்டு வயதில் ஒரு திருகுக்கு இணங்குகிற எலும்பு, வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சை வரை இழுத்துவிடலாம். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது.)

மூன்றாம் முயற்சி தேறியது:

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வாசலைத் தாண்டினால் உதட்டைப் பிரிக்க மாட்டாள். அவளுடைய கீழ்ப்பற்கள் ஒரு பக்கம் மேல்வரிசைக்கு வெளியே நின்றன. கடிக்கும்போது தாடை ஓரமாக ஒதுங்கியது. வகுப்பில் எடுத்த மூன்று படங்களிலும் ஏதோ ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் மாதிரி வாயை இறுக்கியிருக்கிறாள்.

3

அப்பாவை முதலில் தையல்காரராக எழுதினேன். சரிப்படவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பதினான்கு நாள் வேலை பார்த்த மனிதர் எப்படித் தவறினார்? ஒருவேளை திருப்பாமலே திருப்பினேன் என்று புளுகுகிறாரோ? என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மூன்று நாள் கதையை மூடி வைத்தேன்.

நான்காம் நாள் என் வீட்டுக் கதவைப் பூட்டும்போது பிடிபட்டது. வந்து உட்கார்ந்து, அவரைப் பூட்டு ரிப்பேர்க்காரர் ஆக்கினேன். தவறு தானாக வந்து சேர்ந்தது. (உங்களுக்கு இப்போதே புரிந்துவிட்டால் சத்தம் போடாதீர்கள்.)

4

காலையில் பல் துலக்கியதும் ஜன்னலோர நாற்காலியில் வாயாடி அண்ணாந்து உட்காருவாள். அம்மா டார்ச் அடிப்பாள். அப்பா சாவியில் கட்டியிருக்கும் நூலை விரலில் சுற்றிக்கொள்வார், தவறினாலும் தொண்டைக்குள் போகாதபடி.

"வலிக்குமாப்பா?"

"பல்லை அமுக்குற மாதிரி இருக்கும். அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

திருகின் துளையில் சாவியை விட்டு உள்பக்கமாகத் தள்ளுவார். அவள் கண் கலங்கும், கை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்ததும் அம்மா எட்டிப் பார்ப்பாள்.

"என்னங்க, கேப் விழுந்துச்சா?"

"நாளைக்கு விழும்."*

* முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு அது மூடிக்கொள்ளும். பல்லில் சந்து விழவில்லையே என்று ஒரு குடும்பமே ஏங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

5

"தினமும் திருப்புனீங்களா சார்?" என்று மருத்துவர் கத்தினார்.

(இல்லை. அந்த டாக்டரம்மா கத்தவில்லை, நான்தான் கதைக்குக் காரம் சேர்க்கப் பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் அப்பாவுக்குச் சுருக்கென்றிருந்தது.)

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"அப்படின்னா இந்நேரம் நடுவுல கேப் விழுந்திருக்கணுமே."

மருத்துவர் நம்பாமல் போனால் போகட்டும். அப்பா பேச்சை நம்பிப் பதினான்கு நாளும் காலையில் வாயைத் திறந்த மகள் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அப்பா பொய் சொல்லல," என்றாள் வாயாடி. "தினமும் இறுகும். அப்புறம் சாவிய எடுக்கும்போது லேசாயிடும். நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல."

மருத்துவர் நிமிர்ந்தார். மேசையிலிருந்த மாதிரித் தாடையை எடுத்து நீட்டினார். "எங்க, இதுல செஞ்சு காட்டுங்க."

அப்பா சாவியை விட்டு உள்ளே தள்ளினார். பிறகு, பழகிய கை தானாகவே சாவியை நுழைத்த இடத்துக்கே கொண்டுவந்து உருவியது. இருபது வருடப் பழக்கம். பூட்டில் அப்படி எடுத்தால்தான் சாவி வரும்.

"இங்கதான் சார்! தள்ளிட்டு அங்கேயே கீழ இறக்கி எடுத்துடணும். முன்னாடி இழுத்தா, திருப்புனது அப்படியே பழைய இடத்துக்குத் திரும்பிடும்."

"பதினாலு நாளும் போச்சா டாக்டர்?"

"பதினாலு நாள்தான் போச்சு. வயசு போகலையே. எட்டுதான் ஆகுது."

படியிறங்கும்போது அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மன்னிச்சுடும்மா. உன்னை வீணா படுத்திட்டேன்."

"பரவாயில்லப்பா. ஆனா இனிமே நான் கண்ணாடி வச்சுப் பாத்துட்டே இருப்பேன். முன்னாடி இழுத்தீங்க, கடிச்சிடுவேன்."

6

முடிவு அ: வகுப்புப் படத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய… (எட்டு வயதில் ஏது முப்பத்திரண்டு? இனிப்பும் தூக்கல்.)

முடிவு ஆ: திருகு இனியும் அசையாமல்… (எழுத மனம் வரவில்லை.)

உண்மை என்னவென்றால், அவர்களை நான் மறுபடி பார்க்கவில்லை. என் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அங்கே போக எனக்குக் காரணமில்லாமல் போயிற்று. ஆனால் மறுநாள் காலையை மட்டும் என்னால் எழுத முடிகிறது.

அப்பா தள்ளினார். விரல் முன்னால் இழுக்கத் துடித்தது. நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கீழே இறக்கி எடுத்தார்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

"இப்ப?"

கண்ணாடிக்குள் அவள் கண்கள் விரிந்தன. "இன்னும் இருக்குப்பா!"

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். மகளுக்கு இறுக்கம் போகவில்லை என்று சந்தோஷப்படுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமும் பட்டார்.

அங்கிருந்து பத்தாவது நாள். அதே நாற்காலி, அதே ஜன்னல். அம்மா பார்க்க மாட்டேன் என்று டார்ச்சை அப்பாவிடம் நீட்டுகிறாள். அவருக்கும் துணிச்சல் இல்லை, என்னிடம் தள்ளிவிடுகிறார். நான் இவ்வளவு தூரம் எழுதியவன், எனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பேன். என் கண்ணை நம்ப முடியாது.

டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். மேல்வரிசை, முன்னால் நடு இரண்டு பல். பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம். பேசாமல் எவ்வளவு நேரம்தான் வாயைத் திறந்து வைத்திருப்பாள் அந்த வாயாடி?