குளிப்பாட்டிய சிப்பிகள்

சிப்பித் தொழிற்சாலையின் சோதனைக்காரிக்கு எல்லாரும் வைத்த பெயர் ‘மூக்கு’. கெட்டுப்போனது எதுவானாலும் சோதனைக் கருவி காட்டும் முன்பே அவள் மூக்கு சொல்லிவிடும். அன்று காலை தொட்டியறைக் கதவைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அவள் மூக்கில் ஏறியது.

கடலில் சிப்பி, சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் வயிறு வளர்க்கும். நாம் கழிப்பதையெல்லாம் கடலில் விட்டால், அது வாயை மூடிக்கொண்டா இருக்கும்? அதனால் பிடித்து வந்த சிப்பியை இரண்டு நாள் சுத்தமான கடல்தண்ணீரில் போட்டு, அழுக்கைக் கக்கவைத்த பிறகுதான் விற்க வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் லாரி கிளம்பாது.

தொட்டியில் பாதிச் சிப்பி வாயைப் பிளந்து கிடந்தது. உயிர் இருந்தால் தட்டியதும் மூடிக்கொள்ளும். இவை மூடவில்லை. உள்ளே சதை சாம்பல் பூத்துக் கொழகொழவென்றிருந்தது. தண்ணீர் வரும் குழாயின் வலையைக் கழற்றினாள். கொத்துக் கொத்தாகத் தலைமுடி, கூழாகிப்போன காகிதம், இன்னும் சொல்ல வாய் கூசும் சமாச்சாரங்கள்.

பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். கரையெல்லாம் நாறுகிறது என்று போன வாரம்தான் கழிப்பறைக் குழாயைக் கடலுக்குள் நீட்டியிருந்தார்கள். நீட்டியது நேராகப் போய், தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாயருகே நின்றது. கக்கவைக்கப் போட்ட சிப்பிக்கு தொழிற்சாலையின் எழுபது பேரின் கழிவை ஊட்டியிருக்கிறார்கள், பாவிகள்.

மேலாளர் அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“செத்ததப் பொறுக்கிப் போட்டுட்டு, மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடு,” என்றார்.

“மாமா, அது பீத்தண்ணி. மிச்சமும் அதத்தான் குடிச்சிருக்கு.”

“கடல்ல இருந்தப்ப மட்டும் என்ன, பன்னீரா குடிச்சுது?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு சிப்பியைப் பிளந்து அவர் மேசைமேல் வைத்தாள். “இதத் தின்னுங்க. கையெழுத்துப் போடறேன்.”

மனுஷன் யோசிக்கவே இல்லை. சதையை நகத்தால் நெம்பி வாயில் போட்டு, இரண்டு கடி கடித்து விழுங்கினார். உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் பேனாவை நீட்டினார். அந்தச் சிப்பியைவிட அவர்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தார்.

அவர் நீட்டியதைத் தொடாமல் தன் பேனாவை எடுத்தாள்.

“உங்க வயிறு, உங்க இஷ்டம். காசு குடுத்து வாங்கறவங்கள யாரு கேட்டா?”

படிவத்தில் ‘மலம் கலந்தது, அனுப்பக் கூடாது’ என்று எழுதி, அதன் கீழே, சொன்னபடியே கையெழுத்தும் போட்டாள்.