முதலில் கேட்டவள்

கூடத்தில் காத்தவராயன் ஆசானைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் தங்கை செல்வாம்பாள். கால்மாட்டில், வாசற்படியை ஒட்டி, மகள் பூவிழி. வெளியே பந்தலில் வாடகை நாற்காலிகளில் சீடர்கள், நடுவில் மூத்தவர் கலியமூர்த்தி. மகன் இனியவன் பாரீசில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை.

கலியமூர்த்தி துக்கத்துக்கு வந்தவர்களிடம் வர்மக்கலை வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிவன் பார்வதிக்குச் சொல்றாரு. முருகன் ஒளிஞ்சி கேட்டுக்கினு அகத்தியருக்குக் குடுக்கறாரு. அப்படியே கைமாறி ஆசான், ஆசான் வழியா நாங்க."

"அப்ப மொதல்ல கேட்டது பார்வதிதான?" என்றாள் பூவிழி.

"கேட்டாங்க. பாதியில தூங்கிட்டாங்கம்மா."

பந்தலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"யாரு சொன்னது?"

"ஆசான்தான்."

செல்வாம்பாள் மூக்கைச் சிந்தினாள். "விழுந்தவன எல்லாம் எழுப்பி வுட்ட கை. பெத்த பொண்ணு பக்கத்துலயே இருந்து இன்னா புண்ணியம்? ஒரு எடத்துல தட்டியிருந்தா எழுந்திருப்பாரு."

"தெரிஞ்சாதான அத்த."

"இந்த வீட்ல பொறந்து தெரியலன்னா?"

பூவிழி அப்பாவின் கால் கட்டைவிரல் கட்டைச் சரிசெய்தாள்.

நேற்றுக் காலை அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது அவள்தான் தாங்கினாள். அண்ணனுக்கு அவர் தொட்டுக் காட்டியதைச் சின்ன வயதில் சன்னல் வழியே பார்த்திருக்கிறாள். பிடரிக்குக் கீழே ஏதோ ஓர் இடம். அவள் விரல் அங்கே போனதும் அவர் தட்டிவிட்டார்.

"நீ தொடாத. கலியமூர்த்தியக் கூப்புடு."

ஆட்டோ பிடிக்கிறேன் என்றாள். அதற்கும் கையை நீட்டி மறித்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து கலியமூர்த்தியின் வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த வாரம் செல்வாம்பாள் ஓர் உறையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒன் அண்ணன் ஆபீசுல காட்ட டெத் சர்ட்டிபிகேட் கேக்கறான், உள்ள வச்சிருக்கேன். எப்படி ஆச்சுன்னு ரெண்டு வரி எழுது. அவன் மனசு நோவாம எழுது."

பூவிழி எழுதினாள்:

'அன்புள்ள அண்ணனுக்கு, அப்பா அதிகம் கஷ்டப்படவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தூங்கிவிட்டேன்.'

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, மடிப்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்ததும் திறந்துகொண்டது. கொஞ்சம் மேலே தள்ளி அழுத்தி, பிடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

முத்தியால்பேட்டை தபாலாபீசில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, பருக்கை விரலிலேயே காய்ந்திருந்தது.