அன்னக்கொடியின் உயரம்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. போன மாதம், 2009 ஜூலையில், அன்னக்கொடி ஒரு சீட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். அங்கே நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டு அது. உயரம்: 160 செ.மீ.

"நல்லாப் பாரு டயானா. எம்புட்டுப் போட்டிருக்கு?"

பார்த்தேன். சீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஏன் என்பதை மூன்றாம் பகுதிவரை தள்ளிப்போடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'லாசர் சாருக்குக் கணக்கு என்றால் உயிர். பிள்ளைகள் என்றால்—' வேண்டாம். அவரை நல்லவராக்கித் தொடங்க எனக்கு மனசில்லை.

1992. எட்டாம் வகுப்பு. எங்கள் கணக்கு வாத்தியார் லாசர் சார் மர ஸ்கேலைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஓரத்தில் பன்னிரண்டு இஞ்சு, மறு ஓரத்தில் முப்பது சென்டிமீட்டர்.

"ஒரு அடின்னா முப்பது. ஒரு இஞ்சுன்னா ரெண்டரை. சோலி முடிஞ்சது."

புத்தகத்தில் 2.54 என்று இருந்தது. அந்த நாலை அடிக்கச் சொன்னார். அத்தனை பேரும் அடித்தோம். (ஸ்கேலில் முப்பதைக் கொஞ்சம் தாண்டித்தான் பன்னிரண்டு முடிகிறது. ஒருத்தியும் உற்றுப் பார்க்கவில்லை.)

3

1999-ல் பெண் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உயரம் குறைந்தது 159 சென்டிமீட்டர்; அதில் தேறினால் ஓட்டத் தேர்வு. அன்னக்கொடியின் அப்பா நல்லகாமன் கொத்தனார். அவர்கள் வீட்டில் எல்லாமே அடிக்கணக்கு. அவனியாபுரத்து வீட்டுச் சுவரில் அவளைச் சாய்த்து நிறுத்தி அளந்தார். ஐந்தடி மூன்று இஞ்சு. அதைச் சென்டிமீட்டராக்க அவள் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு தோழியிடம் போனாள்.

(கோழைத்தனமான வாக்கியம். அந்தத் தோழி நான்தான்.)

ஐந்தை முப்பதால் பெருக்கினேன், நூற்றைம்பது. மூன்றை இரண்டரையால் பெருக்கினேன், ஏழரை. மொத்தம் 157.5.

"ஒண்ணரை சென்டிமீட்டர் பத்தலடி."

"நெசமாவா?" என்றாள். பிறகு விண்ணப்பத்தை நாலாக மடித்தாள். "சரி விடு. அங்க போயி அளந்துட்டு வெளிய அனுப்புனா அசிங்கம்."

அவள் போகவில்லை.

4

சீட்டை எடுத்துக்கொண்டு லாசர் சாரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறார்.

"அடிக்கு அரை சென்டிமீட்டர்கூட வராதேம்மா. இதுக்குப் போயி..."

"அவ அஞ்சேகால் அடி சார். ரெண்டரை சென்டிமீட்டர் போச்சு. ஒண்ணரை பத்தலைன்னுதான் வீட்டுல உக்காந்தா."

"பிள்ளைகளுக்கு எளிசா இருக்கட்டும்னு சொன்னேன். பரீட்சைல மார்க் போட்டாங்கல்ல?"

கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். எளிசாம்! யாருக்கு எளிசு? 'அந்த ஸ்கேலைப் பிடுங்கி அவர் முதுகில்—' இந்த வரியை அடித்துவிட்டேன். அவர்மேல் கோபப்படுவது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. 2.54 எனக்கும் தெரியும். அச்சில் இருந்ததை என் பேனாவால்தான் அடித்தேன். அவள் வந்து கேட்ட அன்று பழைய புத்தகத்தைப் புரட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

5

முடிவு அ: அன்னக்கொடி போகிறாள். அளக்கிறார்கள், ஓடுகிறாள், வேலை கிடைக்கிறது.

முடிவு ஆ: போகிறாள். அளக்கிறார்கள். ஓட்டத்தில் தோற்றுத் திரும்புகிறாள்.

இரண்டையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"எனக்கு முப்பது வயசாச்சு. இனி எவன் எடுப்பான்? கதையில வேல வாங்கிக் குடுத்து ஒம் மனச ஆத்திக்கிறியாக்கும்?"

"அப்ப ரெண்டாவது?"

"அதுலயாச்சும் நான் போயிருக்கேன். ஓடித் தோத்திருந்தா எங்காலு சரியில்லன்னு இருந்திருப்பேன். என்னைய ஓடவே விடலையேடி நீ."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறப் போய்விட்டாள்.

இரண்டு தாள்களும் மேசைமேல் கிடக்கின்றன. ஒருமுறை அவளுக்காக நான் முடிவு செய்துவிட்டேன்; இன்னொரு முறை செய்ய மாட்டேன். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அவளிடம் கேளுங்கள். 1999-ல் நான் கேட்கவில்லை.