ஊசி விழுந்த இடம்

பிரசவ நர்ஸ் தன் காரை விற்றுவிட முடிவு செய்ததற்கு ஒரு லாரிதான் காரணம். முந்தின நாள் நாற்சந்தியில் திரும்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாள். கார் ஒரு கணம் மூச்சடைத்து நின்று, பிறகுதான் பாய்ந்தது. எதிரே வந்த லாரி ஒரு முழத் தூரத்தில் பிரேக் போட்டது.

இருபத்திரண்டு வருடப் பழைய கார். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவளுக்கு அதுதான் கால். ஒரு மெக்கானிக் பிளக்குகளை மாற்றினார். இன்னொருவர் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். மூன்றாமவர் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, "வண்டிக்கு வயசாயிடுச்சும்மா" என்று கையை விரித்தார். மாலை நாலு மணிக்குப் பழைய கார் வியாபாரி வருவதாக ஏற்பாடு.

காலை பத்து மணிக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'ரேடியோ'. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவள் என்பதாலா, வாய் ஓயாதவள் என்பதாலா என்று யாரும் விளக்கியதில்லை.

"சாவியைக் கொடுங்க அண்ணி. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

"நடுரோட்டுல மாட்டிக்கிட்டு என்னைக் கூப்பிடாதே. இரு, நானும் வரேன்."

தெருவை நாலு சுற்றுச் சுற்றினார்கள். ஓட்டிய ரேடியோவின் கவனமெல்லாம் மிதிக்கும் காலிலேயே இருந்தது. ஐந்தாவது சுற்றில் காரை ஓரங்கட்டினாள்.

"அண்ணி, எந்த கியர்ல போனாலும் என் கால் ஒரே இடத்துக்கு வரும்போதுதான் திணறுது. கால்வாசி மிதி. அதைத் தாண்டிட்டா பிச்சுக்கிட்டுப் போகுது!"

"அதனால?"

"பெட்ரோல் பத்தலைன்னா நல்லா அழுத்தும்போதுதானே ஜாஸ்தி திணறணும்? பழைய வால்யூம் குமிழைத் திருகினா ஒரே இடத்துல மட்டும் கரகரன்னு வரும் பாருங்க, அதே கதை இது!"

வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தாள். என்ஜினுக்குள் காற்றை விடும் கதவின் பக்கவாட்டில், தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. ரேடியோ அதன் ஒயரில் குண்டூசியைச் செருகி, ஊசி ஆடும் தன் பழைய மீட்டரை இணைத்தாள்.

"என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியை மட்டும் திருப்புங்க. இப்ப மிதிங்க. மெதுவா... இன்னும் மெதுவா, கொழந்தை தலை வெளிய வரும்போது எப்படிப் பார்த்துப் பிடிப்பீங்க, அப்படி!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே மிதித்தாள். மீட்டரின் ஊசி வழுவழுவென்று ஏறியது. திடீரென்று பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"நிறுத்துங்க! காலை எடுக்காதீங்க!" ரேடியோவின் கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "விழுந்துடுச்சு அண்ணி! விழுந்துடுச்சு!"

"என்னடி விழுந்தது?" நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். இடம் மாறி நர்ஸ் மீட்டரைப் பார்க்க, ரேடியோ மிதித்தாள். அதே இடத்தில் ஊசி மறுபடியும் விழுந்தது. பத்து முறை மிதித்தாள், பத்து முறையும் விழுந்தது. நர்ஸ் மீட்டருக்கு மேல் குனிந்துகொண்டாள். மூன்று பேர் கண்ணில் படாதது தன் கண்ணெதிரே விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

இரண்டு ஸ்க்ரூதான். கழற்றி மூடியைப் பெயர்த்ததும் உள்ளே முள் உரசி ஓடும் கறுப்புத் தடம் ஒரு இடத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது.

ரேடியோவின் வேனில் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்குப் பறந்தார்கள். பின்பக்கம் நசுங்கிய அதே ரகக் கார் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் சென்சாரை அங்கேயே பேட்டரியில் இணைத்துச் சோதித்தாள் ரேடியோ. ஊசி விழாமல் ஏறியது. மூன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து மாட்டியாகிவிட்டது.

இந்த முறை நர்ஸ் ஓட்டினாள். கால்வாசி மிதி வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கார் அலுங்காமல் முன்னே போனது. நிறுத்தி, மறுபடி எடுத்தாள். மறுபடியும் அலுங்கவில்லை. "ஏய்!" என்று கத்தி ஸ்டியரிங்கைத் தட்டியதில் ஹாரன் அலறியது.

வியாபாரிக்கு போன் போட்டாள். "வராதீங்கண்ணே, மனசு மாறிடுச்சு."

அந்த வாரம் அவளுக்கு மூன்று பிரசவம். மூன்றுக்கும் அந்தக் காரில்தான் போனாள். அதில் ஒன்று இரட்டைக் குழந்தைகள். அவள் போய்ச் சேர்ந்த ஆறாவது நிமிடம் முதல் குழந்தை பிறந்துவிட்டது.