சோதனைக்கு வராத தராசு

எடை ஆய்வாளர் எந்த விடுதிக்குப் போனாலும் கட்டிலில் உட்காருமுன் கதவின் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அங்கே ஒரு கொக்கி இருக்க வேண்டும். கொக்கி இருந்தால் அது நல்ல அறை. மின்விசிறி கிறீச்சிடட்டும், குழாய் சொட்டட்டும், அதெல்லாம் அவளுக்குப் பிறகு. மறுநாளைக்கான பயறு தொங்குவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் போதும்.

கடைகளில் உள்ள தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முப்பது நாள், அலுவலக வண்டியில் ஊர் ஊராகப் போக வேண்டும். வெளிச்சாப்பாடு வயிற்றைக் கெடுத்த பிறகு, தன் சமையலறையையே ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிக்கொண்டாள். காலையில் பாட்டிலில் பச்சைப்பயறை ஊறப்போடுவாள். வண்டி போகும் வழியெல்லாம் அதுவும் ஊறிக்கொண்டே வரும். மாலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து, கொக்கியில் மாட்டிவிட்டால் விடியும்போது வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். வாயகன்ற பிளாஸ்க்கில் ஓட்ஸும் வெந்நீரும் ஊற்றி மூடினால், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் காலை உணவு தயார். கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் முட்டைகளை இறக்கி, சுவிட்சை அணைத்து, பன்னிரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிடுவாள். இவற்றோடு வெள்ளரி, கேரட், கொஞ்சம் வேர்க்கடலை, நறுக்கிய பேரீச்சை, மிளகும் உப்பும் கலந்த சின்னச் சீசா. எதுவும் கண்ணளவில் பெட்டியை விட்டு வெளியே வராது. அதற்கென்றே பெட்டி மூலையில் உள்ளங்கையளவில் ஒரு மின்தராசு வைத்திருந்தாள்.

பல ஆண்டுகளாக இந்தப் பெட்டியைக் கேலி செய்துவந்தவர் வண்டி ஓட்டுநர்தான். "ஆபீசரம்மா, இதைக் கண்டா குதிரை கண்ணுல தண்ணி விடும். அதோட பங்கை நாம சாப்பிடறோம்ல" என்பார். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இந்தமுறை கேலி இல்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம் அலுவலக மருத்துவர் அவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "வெறும் வயித்துல நூத்தித் தொண்ணூத்திரண்டு. போயிட்டு வந்ததும் மறுபடி பார்ப்பேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். சாவியைக் கொடுத்தால் அதன்பின் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலைதான்.

"இருபத்தாறு வருஷம் ரோட்டைப் பார்த்த கண்ணும்மா இது. கேட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்தா மூணே மாசத்துல எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்றார், பெட்டியை வண்டியில் ஏற்றியபடியே. "மாத்திரை என் பொறுப்பு. சாப்பாடு உங்க பொறுப்பு. நீங்க எதைக் குடுத்தாலும் தின்னுடறேன்."

அவள் ஒப்புக்கொண்டாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம் ஓட்ஸ். இருவருக்கும் முப்பது நாளுக்குச் சரியாக மூன்று பாக்கெட், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. புறப்பட்ட அன்று மின்தராசையும் அரசு எடைக்கல்லை வைத்துச் சோதித்துக்கொண்டாள். தினமும் காலையில் ஓட்டுநர் விரல்நுனியைக் குத்திச் சர்க்கரைமானியில் எண் பார்ப்பார். எட்டு மணிக்கு அவர் மனைவியிடமிருந்து ஆய்வாளருக்குத் தொலைபேசி வரும். "இவரு சொல்ற எண்ணை நான் நம்பமாட்டேன். நீங்க சொல்லுங்க" என்பது அந்த அம்மாளின் காலை வணக்கம்.

பத்தாம் நாள் முதல் பாக்கெட் துல்லியமாகத் தீர்ந்தது. அன்றைய எண் நூற்று நாற்பத்தெட்டு. வண்டி ஓட்டுநருக்குக் கீழே ஓடியதா மிதந்ததா என்று சொல்வது கடினம்.

பிறகு எண் முரண்டு பிடித்தது. பதினான்காம் நாள் நூற்று ஐம்பத்தைந்து. பதினெட்டாம் நாள் நூற்று அறுபத்து நான்கு. அன்று காலை இரண்டாவது பாக்கெட்டைக் கவிழ்த்தாள். இருபதாம் நாள் வரை வர வேண்டிய ஓட்ஸில் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. அவள் மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்தாள். ஆனால் மனம் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தது. சர்க்கரை ஏறுகிறது. ஓட்ஸ் குறைகிறது. பெட்டி இருப்பது வண்டியில். அவளைத் தவிர வண்டிச் சாவி இருப்பது ஒரே ஒருவரிடம்.

இருபத்தோராம் நாள் காலை எண் நூற்று எழுபத்தொன்று.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "நான் கடைக்குள்ள இருக்கற நேரத்துல பெட்டியைத் திறக்கறீங்களா?"

ஓட்டுநர் முதலில் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். "ஏம்மா, திருடித் திங்கறவன் ஓட்ஸையா திருடுவான்?"

"ஓட்ஸ், பேரீச்சை, கடலை எல்லாமே நாளுக்கு முன்னாடியே தீருது. உங்க எண்ணும் ஏறுது. நான் என்னன்னு நினைக்கறது?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. "நான் எடுக்கலைன்னு சொல்றேன். அதை நினைக்க மாட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. எண் என்ன என்று கேட்ட அந்த அம்மாளிடம், இருந்த எரிச்சலில், ஆய்வாளர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். "நூத்தி எழுபத்தொண்ணு அண்ணி. நான் அளந்து குடுத்து என்ன பிரயோஜனம்? அண்ணன் எனக்குத் தெரியாம பெட்டியில கை வைக்கிறார்." அவள் கையிலிருந்து தொலைபேசி ஓட்டுநர் கைக்குப் போனது. மறுமுனையில் விழுந்த வசவு அவளுக்கும் கேட்டது.  பேசி முடித்துத் தொலைபேசியைத் திருப்பித் தந்தவர், தனக்கென்று வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்தே தந்தார். "இனி என் சாப்பாட்டை நானே பார்த்துக்கறேன் மேடம்."

ஆபீசரம்மா, மேடம் ஆகிவிட்டாள். அன்று முழுவதும் வண்டிக்குள் எஞ்சின்தான் பேசியது.

மறுநாள் முற்பகல் கடைத்தெரு ஒன்றில், தானியக் கடைக்காரர் ஒருவர் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க. தராசு சரியாத்தான் இருக்கு. மனுஷங்கதான் சரியில்ல."

"என்ன விஷயம்?"

"மூட்டை மூட்டையா வாங்கிப் போடறேன். வித்த கணக்குக்கும் இருக்கற சரக்குக்கும் பொருந்தலை. வீட்டுக்காரியோட தம்பியைக் கடையில வச்சேன். அதோட பலன்."

உள்ளே பருப்பு புடைத்துக்கொண்டிருந்த மைத்துனர் முறத்தை நிறுத்தினார். "மச்சான், நான் எடுத்துட்டுப் போய் என்ன, புறாவா வளர்க்கறேன்?"

"அது உனக்குத்தான் தெரியும்."

ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு கிலோ எடைக்கல்லைக் கடைத் தராசில் வைத்தாள். எண்ணூற்று எண்பது காட்டியது. கிலோ என்று கேட்டு வந்தவர்களெல்லாம் கூடுதலாகவே வாங்கிப் போயிருக்கிறார்கள். தட்டைக் கழற்றினாள். அடியில் பருப்புக் குருணையும் தூசியும் சேர்ந்து அடையாக இறுகி, தட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. மாதத்தில் நான்கு கடையிலாவது அவள் பார்க்கும் குறைதான் இது. நான்கு கடையிலும் சொல்வதைத்தான் இங்கேயும் சொன்னாள்:

"சரக்கு குறைஞ்சா ஆளைப் பார்க்காதீங்க. முதல்ல தட்டுக்கு அடியில பாருங்க."

சொல்லி முடித்ததும் கையுறை மாட்டிய கை அந்தரத்தில் நின்றது. மைத்துனர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டீங்களா மச்சான்? அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதி, மாலை போட்டு மாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததும், கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, வா, டீ சாப்பிடலாம்" என்று எழுந்ததும் அவள் காதில் பாதிதான் விழுந்தன.

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு வந்தாள். ஓட்டுநர் இல்லை, எதிர்ப்பக்கத் தேநீர்க்கடைக்குப் போயிருந்தார். தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பின்கதவைத் திறந்து, தகரப் பெட்டியிலிருந்து மின்தராசை எடுத்துச் சமதளத்தில் வைத்தாள். இடுக்கியால் ஐம்பது கிராம் எடைக்கல்லை எடுத்து அதன்மேல் இறக்கினாள்.

முப்பத்தாறு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். முப்பத்தாறுதான். தட்டை நெம்பினாள். அடியில் ஒரு முளைப்பயறு, வால் காய்ந்து சுருண்டு, சுற்றிலும் ஓட்ஸ் துகள் பசைபோல ஒட்டிக் கிடந்தது. பதினோராம் நாள் அவசரமாகக் கிளம்பும்போது, ஈரத்துணி முடிச்சை இந்தத் தராசின் மேலேயே வைத்துப் பெட்டியை மூடியது நினைவுக்கு வந்தது. அந்த விகிதத்தில் பார்த்தால், அன்றிலிருந்து ஐம்பது என்று அது காட்டியதெல்லாம் ஏறக்குறைய எழுபது. அவருக்கும் எழுபது, அவளுக்கும் எழுபது. இடுப்பு பெல்ட் ஓர் ஓட்டை தள்ளிப் போனதற்கு விடுதியில் துவைத்த துணி சுருங்கிவிட்டது என்றல்லவா முடிவு கட்டியிருந்தாள். ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவள் இதை மட்டும் வீட்டுப் பிள்ளைபோல நம்பிவிட்டாள்.

வண்டியின் படியில் உட்கார்ந்தாள். பிறகு பையிலிருந்து, தவறாக எடை காட்டும் தராசுக்கு எழுதிக் கொடுக்கும் நிராகரிப்புப் படிவத்தை எடுத்தாள். அதன் வரிசை எண்ணுக்கு அலுவலகத்தில் விளக்கம் எழுத வேண்டியிருக்கும், எழுதிக்கொள்ளலாம். ஒரு கடைக்கு எழுதுவதுபோலவே, ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினாள். பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கும் சிவப்பு ஒட்டுத்தாளை மின்தராசின் நெற்றியில் ஒட்டினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

ஓட்டுநர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பன், ஒரு கடி மட்டும் கடித்தபடி. அவள் எதிரில் உட்கார்ந்து படிவத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"தராசின் உரிமையாளர்..." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உங்க பேரு இருக்கு."

"மேல படிங்கண்ணே."

"குறை, ஐம்பது கிராமுக்குப் பதினாலு கிராம் குறைவாகக் காட்டுகிறது. காரணம், தட்டின் அடியில் முளைப்பயறு. பொறுப்பு, உரிமையாளரின் கவனக்குறைவு. பாதிக்கப்பட்டவர்..." அங்கே நின்றார். அவர் பெயர் முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதப்பட்டிருந்தது.

"நீங்க ஒரு கடலையைக்கூட எடுக்கல. நான்தான் தினமும் அதிகமா அளந்து குடுத்து, எண்ணையும் ஏத்திவிட்டு, உங்களையே திருடன்னும் சொன்னேன். தப்பு என் பேர்லதான்."

ஓட்டுநர் படிவத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நேத்து எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சும்மா. தூக்கத்துல எழுந்து தின்னுடறேனோன்னு." பன்னைத் தள்ளி வைத்தார். "கோவத்துல வாங்கினேன். தொண்டையில இறங்கல."

"இன்னும் எட்டு நாள் இருக்குண்ணே."

"அளக்கறதுக்குத்தான் தராசு இல்லையே. சிவப்புத் தாள் ஒட்டிட்டீங்க."

"அஞ்சு விரலையும் குவிச்சு ஒரு பிடி பிடிங்க. அதைச் சரியான தராசுல ஒரு தடவை எடை போட்டுக்கலாம். அதுக்கப்புறம் உங்க கைதான் அளவு. பெட்டியும் இனிமே உங்க பொறுப்பு."

"ஓஹோ, திருடன் கையிலேயே சாவியா" என்றார். குரலில் பழைய குறும்பு லேசாகத் தலைகாட்டியது. ஆனால் கண் தாழ்ந்தே இருந்தது. "வீட்டுல அவ நேத்திலேருந்து பேசல. அவ அக்காகிட்டயும் சொல்லிட்டா. அவங்க தெருவுக்கே சொல்லியிருப்பாங்க."

ஆய்வாளர் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, பெஞ்சின் நடுவில் வைத்தாள். தேநீர்க்கடைக்காரரும் கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணி, நான்தான். நேத்து நான் சொன்னது பொய். தெரியாம சொன்ன பொய், ஆனாலும் பொய்தான். அண்ணன் பெட்டியைத் தொடவே இல்ல. என் தராசு கெட்டுப்போயிருந்தது. நான் பார்க்கல." பிறகு படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, கையெழுத்து உட்பட, வாசித்தாள். "இதை உங்க அக்காவுக்கும் நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன். நம்பர் குடுங்க."

 மறுமுனையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். அவரைத் திட்டினது நானும்தானே." மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "முதல் பத்து நாள்ல நாப்பத்திநாலு கொறைஞ்சது இல்ல? ஒரு நாளைக்கு நாலுன்னு வச்சாக்கூட எட்டு நாளுக்கு முப்பத்திரண்டு. நூத்தி எழுபத்தொண்ணுல போனா..."

"நூத்தி முப்பத்தொம்பது" என்றார் ஓட்டுநர், மனைவிக்கு முந்திக்கொண்டு.

"அங்கதான் இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

ஆய்வாளர் கைப்பையிலிருந்து நேற்று அவர் திருப்பித் தந்த டப்பாவை எடுத்துத் திறந்தாள். காலையில் பழக்கதோஷத்தில் அவருக்கும் சேர்த்தே இரண்டு முட்டையை வேகவைத்திருந்தாள். ஒன்றை எடுத்து பெஞ்சு விளிம்பில் தட்டி, ஓட்டை உரித்து, மிளகுப்பொடி தூவி அவரிடம் நீட்டினாள்.

"இதோ சாப்பிடறாரு அண்ணி" என்றாள்.