குளியலறைக்குள் ஒரு வெளியூர்

மறதிக் கணக்கெடுப்புக்காரி மறுபடியும் வாசல் மணியை அடித்ததும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மறுபடியும் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். வயசானவர்களுக்கு அவள் வைக்கும் ஞாபகச் சோதனையில் தோற்றால் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். அது மகன் காதுக்குப் போகும். அப்புறம் ஸ்கூட்டர் சாவி அவன் சட்டைப்பைக்குப் போய்விடும். ஊரையே ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியவர், மகன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்சீட்டில் போவதா?

அவர் வெளியூர் போயிருப்பதாக, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள் மனைவி. டிரைவர் கதவில் காதை வைத்துக் காத்திருந்தார். செருப்புச் சத்தத்துக்குப் பதில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

கணக்கெடுப்புக்காரி உட்கார்ந்து விளக்கினாள். முன்பெல்லாம் ஆள் அகப்படாவிட்டால் அந்தத் தெருவின் சராசரியைப் போட்டுப் படிவத்தை நிரப்பிவிடுவார்களாம். பிறகு விடாமல் துரத்திப் பார்த்ததில், அகப்படாதவர்களில்தான் மறதிக்காரர்கள் அதிகமாம்.

"அதனால இப்ப கூட இருக்கிறவங்களைக் கேட்டுக்கறோம்மா. பொருளை எங்க வெச்சோம்னு மறந்துடுவாரா?"

இத்தனை வருஷத்தில் மனைவியிடம் யாரும் இப்படி அக்கறையாகக் கேட்டதில்லை. அவள் ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தது, அவளைச் சந்தையிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் தனியாக வீடு வந்தது, மச்சினன் கல்யாணத்துக்கு மறுநாள் போய் நின்றது. உள்ளே டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தை அவர் மறக்கவேயில்லை, வேண்டுமென்றேதான் அன்றைக்குப் போகவில்லை. வெளியூரில் இருப்பவர் அதை எப்படிச் சொல்வது?

"எப்பருந்து இப்படி?"

"கட்டிக்கிட்ட நாள்லருந்து."

கணக்கெடுப்புக்காரி சிரித்துவிட்டாள். அது மறதி நோயில் சேராது என்றாள். "இப்ப கொஞ்ச நாளா கூடியிருக்கா?"

டிரைவர் காதை இன்னும் அழுத்தினார். அவரைக் குறை சொல்ல அவள் என்றைக்கும் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"இல்லம்மா," என்றாள் கடைசியில். "பாவம், அப்படியேதான் இருக்கார்."

சாவி பிழைத்தது. ஆனால் அவளே அவருக்குப் பரிந்து பேசுகிறாள் என்றால், விஷயம் பெரிசுதான்.

தாழ்ப்பாளை நீக்கி, இடுப்புத் துண்டோடு வந்து நின்றார். ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கணக்கெடுப்புக்காரி முகம் மாறாமல் விசாரித்தாள்.

அவர் இடுப்பில் செருகியிருந்த ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல போய் சட்டையை மாட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"சட்டை போடப் போனா மனசு மாறிடும். நீ உன் கேள்வியைக் கேளும்மா."